சூட் கேபின் எடுத்தால் சாப்பாடு எப்படி? வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகள் சொகுசுக் கப்பலில் கேபின் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், சிலர் ‘சூட்’ என்ற பெரிய, விலை கூடிய கேபினே எடுத்திருக்கிறார்கள், அங்கே என்ன சாப்பிடுவது, எப்படிக் கேட்பது என்று கடற்கரை ஊர்களிலிருந்து எழுதியவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவுப் பயணத்துக்கு என் மகன் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ‘ஜூனியர் சூட்’ எடுத்திருக்கிறான். அவன் குடும்பம் பால்கனி கேபினில் வருகிறது. சூட்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை உண்டாமே? மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடலாமா? சாப்பாடும் வேறா? – வாசகி, தேவிபட்டினம்

‘சூட்’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள் அம்மா. ஜூனியர் சூட்டுக்கும் முழு சூட்டுக்கும் சாப்பாட்டு விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம், ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் அந்தத் தனி அறையின் பெயர் ‘கோஸ்டல் கிச்சன்’. கிராண்ட் சூட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு அங்கே மூன்று வேளையும் இடம் உண்டு. ஜூனியர் சூட்டுக்கு இரவுச் சாப்பாடு மட்டும்தான். இது தெரியாமல் காலையில் போய் வாசலில் நின்றால் கேபின் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் கணக்கும் மாறும். செலிபிரிட்டி கப்பல்களில் சூட் பயணிகளுக்கு ‘லூமினே’. அங்கேயே ‘அக்வா கிளாஸ்’ என்ற பால்கனி கேபின் எடுத்தவர்களுக்கு ‘புளூ’ என்று வேறோர் அறை. சூட் விலை கொடுக்க முடியாதவர்களுக்கு இந்தப் புளூ நல்ல நடுவழி. குனார்டு கப்பல்களில் ‘குயின்ஸ் கிரில்’, ‘பிரின்சஸ் கிரில்’ என இரண்டு. பயணம் முழுக்க உங்களுக்கென்று ஒரே மேசை. சாப்பாட்டு நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எம்எஸ்சியின் ‘யாட் கிளப்’, நார்வீஜியனின் ‘தி ஹேவன்’, சிங்கப்பூர்ப் பக்கம் ஓடும் கென்டிங் டிரீம் கப்பலின் ‘தி பேலஸ்’ ஆகியவை கப்பலுக்குள்ளே தனிப் பகுதியாகவே இருப்பவை. அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும்.

சாப்பாடு வேறா என்றால், அடியோடு வேறு இல்லை. எல்லாப் பயணிக்கும் டிக்கெட்டிலேயே அடங்கிய பெரிய சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் உண்டு. காசு கொடுத்துச் சாப்பிடும் சிறப்பு உணவகங்கள் தனி. சூட் அறையில் கூடுதலாகக் கிடைப்பது நேரமும் மேசையும் ஆளும்தான். பெரிய கூடத்தில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தட்டுகள் வெளியே போக வேண்டும் என்பதால் பலதும் முன்கூட்டியே செய்து சூடாக வைக்கப்பட்டிருக்கும். சின்ன அறையில் ஆள் குறைவு. நீங்கள் சொன்ன பிறகு அடுப்பில் ஏற்ற முடியும். “எண்ணெய் குறைவாக, மிளகு கூடுதலாக” என்று முதல் நாள் சொன்னதை நான்காம் நாளும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு உண்மையான சிக்கல் வேறு. பால்கனி கேபினில் வரும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பொதுவாக அந்த அறைக்குள் உங்களோடு வர முடியாது. எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால் பெரிய கூடத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு முன்பதிவு எண்களையும் இணைத்து, ஒரே நேரம், ஒரே மேசை என்று மகனை இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். கப்பல் ஏறிய அன்று மாலை கேட்டால் ஆறு பேருக்குச் சேர்ந்த மேசை கிடைப்பது கஷ்டம்.

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் ஹலால் தவிர எதையும் தொட மாட்டார்கள். சூட் எடுத்தால் அதற்கென்று இருக்கும் பணியாளர் (பட்லர்) எல்லாம் பார்த்துக்கொள்வார் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? – வாசகர், கீழக்கரை

வ அலைக்கும் ஸலாம். பட்லர் நல்ல உதவி. ஆனால் கப்பலில் ஏற்றாத இறைச்சியை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? சரக்கு ஏறுவது துறைமுகத்தில். ஆகவே கேட்பதைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் சிறப்பு உணவுக்கு 45 முதல் 90 நாள் அவகாசம் கேட்கின்றன. ஏஜென்டிடம் வாயால் சொன்னதோடு விடாமல், நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் பிரிவுக்கு முன்பதிவு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை அதை ஹெட் வெயிட்டரிடம் காட்டுங்கள். ஹலால் உணவுக்கென்றே ஏற்பாடு உள்ள கென்டிங் டிரீம் போன்ற கப்பலைத் தேர்ந்தெடுத்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

மற்றக் கப்பல்களில் மீனும் காய்கறியும் போதும் என்று இருந்துவிடலாம்தான். அங்கேயும் கண் வேண்டும். மீன் துண்டை வாட்டிய பிறகு அதே சட்டியில் வெள்ளை ஒயினை ஊற்றிச் சுரண்டி எடுத்துத்தான் மேலே ஊற்றும் சாஸ் செய்வார்கள். தட்டில் பார்த்தால் வெண்ணெய்ச் சாறு போலத்தான் தெரியும். மூஸ், பன்னா கோட்டா போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும்; அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படும். ஆகவே ஆர்டரை இப்படிச் சொல்லுங்கள்: மீன் வேறு சட்டியில், எண்ணெயும் உப்பும் எலுமிச்சையும் மட்டும், சாஸ் வேண்டாம், ஒயின் எதிலும் வேண்டாம். ‘ஹலால்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால் வெயிட்டர் இறைச்சியைப் பற்றித்தான் நினைப்பார். சாஸ் அவர் நினைவுக்கு வராது.

கேபின் குளிர்ப்பெட்டியில் மதுப்புட்டிகள் இருந்தால் ஏறிய உடனே கேபினைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீவர்டிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்லலாம்; மறுக்க மாட்டார்கள். யாட் கிளப் போல மது விலையும் சேர்த்தே கட்டணம் வாங்கும் கேபின்களில், குடிக்காதவர்களுக்குப் பணம் கழித்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேபினைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் போனால் சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, ரூம் சர்வீஸ்தான் வழி. அன்றாடம் இரவுச் சாப்பாட்டின்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் அப்பத்தா சுத்த சைவம். முட்டையும் ஆகாது. அமாவாசை அன்று வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். கப்பலில் ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருந்தால் போதுமா? – வாசகி, ராமேசுவரம்

போதாது. வெளிநாட்டுச் சமையல்கட்டில் அந்தச் சொல்லுக்கு ‘இறைச்சித் துண்டு இல்லை’ என்பதுதான் முதல் அர்த்தம். காய்கறி சூப்பைக் கோழி எலும்புச் சாற்றில் கொதிக்க வைத்திருக்கலாம். சீசர் சாலட்டின் மேல் ஊற்றுவதில் நெத்திலி இருக்கும். சீனப் பாணியில் வதக்கிய கீரையில் சிப்பி சாஸ் இருக்கும். பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைய வைப்பது. சில பாஸ்தாக்களில் முட்டை, கேக்கில் முட்டை.

ஆகவே ‘இந்திய சைவம், முட்டை இல்லை’ என்று கேளுங்கள். அமாவாசை நாளுக்கு ‘ஜெயின் உணவு’ என்று சொன்னால் வெங்காயம், பூண்டு தானாகவே விலகிவிடும். கிழங்கும் விலகும் என்பதை அப்பத்தாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். சென்னை, மும்பையிலிருந்து ஓடும் கார்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பலில் இதைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. பெரிய வெளிநாட்டுக் கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது சகஜம். முதல் நாள் இரவே ஹெட் வெயிட்டரிடம் மறுநாளைய மெனுவைக் கேட்டு வாங்கி, அப்போதே சொல்லிவிட்டால் பருப்பும் காய்கறிக் கூட்டும் செய்து தருவார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் அவித்த காய்கறியும் ரொட்டியும்தான் வரும்.

தயிர்சாதம் இல்லாமல் அப்பத்தாவுக்குச் சாப்பாடு முடியாது என்றால், அதை மேசையிலேயே செய்துவிடலாம். வெறும் வெள்ளைச் சோறு ஒரு குழிக் கிண்ணத்தில், சூடாகக் கேளுங்கள். கப்பலில் பெரும்பாலும் நீளமான அரிசிதான், உதிரியாக இருக்கும். ஒரு கிண்ணம் சோற்றுக்கு அரைக் கிண்ணம் சூடான பால் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக மசித்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பால் இழுத்துக்கொண்ட பிறகு சர்க்கரை சேர்க்காத தயிர் இரண்டு சின்னக் கோப்பை, உப்பு. பால் ஊற்றாமல் நேரே தயிரைக் கொட்டினால் அந்தக் கெட்டித் தயிரில் சோறு கட்டி கட்டியாக நிற்கும். சாதாரணத் தயிர் என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெனிலா தயிர் வந்துவிடும்.

ரைஸ் குக்கர், கருவாடு, பொடி, தொதல் இனிப்பு கொண்டுபோகலாமா? – வாசகர், பெரியபட்டினம்

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதற்கும் அனுமதி இல்லை. கப்பலில் தீயை விடப் பெரிய பயம் கிடையாது. ஸ்கேனரில் கண்டால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். கருவாடும் வீட்டில் செய்த எந்தப் பண்டமும் வேண்டாம். கடையில் வாங்கிய, உடைக்காத பாக்கெட்டில் உள்ள பொடியும் ஊறுகாயும் தொதலும் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். அதைப் பெட்டிக்குள் அடியில் போடாமல் கைப்பையில் மேலாக வையுங்கள். இடைத் துறைமுகங்களில் கப்பலிலிருந்து உணவுப் பொருள் எதையும் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். சுங்கத்தில் அபராதம் விழும்.

பால்கனியில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட ஆசை. எப்படிக் கேட்பது? – வாசகி, தொண்டி

கேபினில் ஓர் அட்டை இருக்கும்; சில கப்பல்களில் டிவியிலோ ஆப்பிலோ இருக்கும். அட்டையில் வேண்டியதைக் குறித்து, அரை மணி நேர இடைவெளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படுக்கப் போகுமுன் கதவின் வெளிக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். டிக் போடாமல் எண்ணாக எழுதுங்கள். காபிக்கு நேரே டிக் போட்டால் இரண்டு பேருக்கு ஒரே ஒரு காபி வந்து நிற்கும். கேபின் எண்ணை எழுத மறப்பவர்கள்தான் அதிகம்.

நேரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். புக்கெட் போனால் அங்கே சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கரைச் சிக்னல் கிடைத்ததும் கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். கேபின் டிவியில் காட்டும் கப்பல் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

முட்டை போன்ற சூடான பண்டங்கள் லிஃப்டும் நடைவழியும் கடந்து வருவதற்குள் ஆறிவிடும். பழம், ரொட்டி, தயிர், காபி பால்கனிக்கு ஏற்றவை. கப்பல் ஓடும்போது அடிக்கும் காற்றில் காகித நாப்கின் பறந்தால் கடலில்தான் விழும். கடலில் குப்பை விழக் கூடாது என்பது சர்வதேசச் சட்டம். ஆகவே துணி நாப்கின் கேளுங்கள். சாப்பிட்ட தட்டைப் பால்கனியில் விடாமல் உள்ளே எடுத்து வையுங்கள். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் ரூம் சர்வீசில் பலவற்றுக்கும் தனிக் கட்டணம் வாங்குகின்றன. முழு சூட்டுக்கு அது கிடையாது. பெரும்பாலான சூட்களில் இரவுச் சாப்பாட்டையும் கூடத்து மெனுவிலிருந்தே கேபினுக்கு வரவழைக்கலாம். சூப், பிறகு சோறு, பிறகு இனிப்பு என ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். மொத்தமாக வந்தால் கடைசியில் ஐஸ்கிரீம் தண்ணீராகத்தான் இருக்கும்.

அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். கடல் ஒத்துக்கொள்ளுமா என்றும் பயம். – வாசகர், மண்டபம்

இரவுச் சாப்பாட்டை முதல் பந்திக்கு எடுங்கள். பல கப்பல்களில் அது மாலை 5.30 – 6 மணி வாக்கில். இரண்டாம் பந்தி 8 மணிக்குப் பிறகு. உட்கார்ந்து முதல் தட்டு வர இன்னும் அரை மணி ஆகும். அதனால் ஊசியைக் கேபினிலேயே போட்டுவிட்டு வராதீர்கள், எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இன்சுலினைக் கேபின் குளிர்ப்பெட்டியில் வைக்கவும் வேண்டாம். பல கப்பல்களில் அது வெறும் பானம் குளிர வைக்கும் பெட்டி, போதிய குளிர் நிற்காது. மருந்துக்கென்று சரியான குளிர்ப்பெட்டியை ஸ்டீவர்டிடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

ஆட்டத்தைப் பற்றி உங்கள் ஊருக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அணியம் (படகின் முன்பக்கம்) ஏறி இறங்கும், நடுப்படகு அடங்கியிருக்கும். கப்பலிலும் அதே கதைதான். யாட் கிளப் போன்ற சூட் பகுதிகள் உயரமான டெக்கில், அணியத்துப் பக்கம் இருப்பவை. பார்க்க அழகு, வாடைக்காற்றில் கடல் புரளும்போது அங்கேதான் ஆட்டம் அதிகம். அம்மாவுக்குக் கீழ் டெக்கில், கப்பலின் நடுவில் கேபின் பாருங்கள். கடல் புரளும் நாளில் பெரிய கூடத்திலேயே சாப்பிடட்டும்.

சாப்பாட்டுக்காக மட்டும் சூட் எடுப்பது லாபமா? – வாசகர், வாலிநோக்கம்

மூன்று நான்கு இரவுக்கு இல்லை. சூட்டுக்கும் பால்கனிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எழுதுங்கள். அதிலிருந்து இரண்டு சிறப்பு உணவக இரவுகள், ரூம் சர்வீஸ் கட்டணம், நல்ல காபி இவற்றின் விலையைக் கழியுங்கள். குறுகிய பயணத்தில் மீதி பெரிதாகத்தான் நிற்கும். பால்கனி எடுத்து அந்த இரண்டு இரவுகளையும் காசு கொடுத்துச் சாப்பிடுவதே மேல். சூட்டுக்கு அன்றாட டிப்ஸும் கூடுதல் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஃபேயில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க முடியாத, முட்டி வலிக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். அவர்களுக்கு உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருவதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

இந்தக் கப்பல்கள் பாம்பனுக்கு வருமா? – பள்ளி மாணவர், தங்கச்சிமடம்

வராது தம்பி. பெரிய சொகுசுக் கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் 8 முதல் 9 மீட்டர் வரை இறங்கியிருக்கும். ராமர் பாலத் திட்டுகளில் சில இடங்களில் ஆழம் 1 முதல் 3 மீட்டர்தான். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியவை சின்ன நீராவிக் கப்பல்கள். பெரியவற்றைப் பார்க்க நமக்குப் பக்கம் தூத்துக்குடி, கொச்சி, சென்னை, கொழும்பு.