முதல் மாத்திரைக்கு ஏன் உடனே பலன் தெரிவதில்லை?

கேள்வி: ஆஸ்துமா அதிகமானதால் 5 நாளுக்கு பிரெட்னிசலோன் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஸ்டீராய்டு நுரையீரல் செல்களைக் காப்பாற்றும் என்றார்கள். மாத்திரை போட்டு 2 மணி நேரமாகியும் இழுப்பு குறையவில்லை. மூச்சு சரியானதும் நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று. பேசவே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டீராய்டு செல்லுக்கு நேரடியாகக் கவசம் போடுவதில்லை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்பூச்சைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நம் உடலின் பாதுகாப்புப் படையேதான். இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே குவிந்து, கிருமிக்கென்று வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை நம் செல்கள் மீதே கொட்டுகின்றன. ஸ்டீராய்டு அந்தப் படையை அடக்குகிறது.

மருந்து செல்லுக்குள் புகுந்து அதற்கான ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது. அங்கே அழற்சியை, அதாவது இந்தப் புண்ணையும் வீக்கத்தையும், தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. படையை வரவழைக்கும் செய்திகள் குறைகின்றன. இன்னொரு பக்கம் அனெக்சின் என்ற புரதம் கூடுதலாக உருவாகிறது. செல் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் பிரிவதை இது தடுக்கிறது. வீக்கம் தரும் புரோஸ்டாகிளாண்டின், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன் இரண்டுக்குமே அந்த அமிலம்தான் மூலப்பொருள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் முதலாவதை மட்டும்தான் தடுக்கும். சிலருக்கு அவை ஆஸ்துமாவைக் கிளப்பியும் விடும், அதனால் கேட்காமல் போடாதீர்கள்.

மரபணு வழியாக நடக்கும் வேலை என்பதால் பலன் தெரியப் பல மணி நேரமாகும். 2 மணி நேரத்தில் இழுப்பு குறையாதது இயல்புதான். அதுவரை உடனடி நிவாரண இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி எடுங்கள்.

'செல்லைக் காக்கும்' என்ற பேச்சை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் கேட்பேன். தலைக்காயத்தில் மூளையைக் காக்கும் என்று நம்பி மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்றில், மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. 2004இல் முடிவு வெளியானது.

சரி, நிறுத்தும் விஷயம். மூச்சு சீரானாலும் 5 நாளையும் முடியுங்கள், அழற்சி அடங்க அவகாசம் வேண்டும். இவ்வளவு குறுகிய காலத்துக்குப் பொதுவாக அளவைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. 3 வாரத்துக்கு மேல் சாப்பிடுபவர்கள் கதை வேறு: கார்டிசால் என்ற உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை அட்ரினல் சுரப்பி குறைத்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் ஆபத்து.

காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடலாம். சர்க்கரை நோய் இருந்தால் இந்த 5 நாளும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறும்.