ரீல்ஸில் சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துகிறது: இது ஏ.டி.ஹெச்.டி.யா?

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. இரண்டு வருடமாக எதிலும் மனம் நிற்பதில்லை. ஃபைலை எடுத்த பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையைக் கடைசி நாள் வரை இழுத்தடிக்கிறேன். இரவில் ஐந்து மணி நேரம் தூங்கினாலே அதிகம். ரீல்ஸில் சொல்லும் ஏ.டி.ஹெச்.டி. (கவனமின்மை, மிகையியக்கக் கோளாறு) அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன. இணையத்தில் டெஸ்ட் எடுத்தேன், இருக்கிறது என்றே வந்தது. ஆனால் பள்ளியில் நான் நன்றாகப் படித்தவள். இதற்கு மாத்திரை சாப்பிடும் தோழி, ‘என்னுடையதில் ஒன்று போட்டுப் பார்’ என்கிறாள். போடலாமா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போடாதீர்கள். இதற்குப் பரவலாக எழுதித் தரப்படுவது மெத்தில்ஃபெனிடேட். ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும், பசியைக் குறைக்கும், ஏற்கெனவே குறைந்துள்ள உங்கள் தூக்கத்தை இன்னும் கெடுக்கும். இதயக் கோளாறோ, கண்டுபிடிக்கப்படாத இருதுருவ மனநோயோ (பைபோலார்) இருந்தால் விபரீதமாக முடியலாம். நம் நாட்டில் இது எக்ஸ் அட்டவணை மருந்து; மருத்துவர் இரண்டு பிரதிகளாகச் சீட்டு எழுத வேண்டும், ஒன்றை மருந்துக்கடையில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். தோழிகளுக்குள் கைமாற்றிக்கொள்ளும் பொருள் அல்ல. தவிர, ஏ.டி.ஹெச்.டி. இல்லாதவருக்கும் இது சில மணி நேரம் சுறுசுறுப்பைத் தரும். ‘போட்டேன், வேலை மளமளவென்று ஓடியது’ என்பதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

இனி உங்கள் சந்தேகம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘இரண்டு வருடமாக’ என்பதுதான். ஏ.டி.ஹெச்.டி. 32 வயதில் புதிதாகத் தொடங்குவதில்லை. மூளை வளரும் பருவத்திலேயே இருந்து, பலருக்குப் பெரியவரான பின்னும் தொடர்வது அது. மனநோய்களைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடான, 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 வரையறைப்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கவனமின்மை அல்லது மிகையியக்கப் (அடங்காத துறுதுறுப்பு) பட்டியலில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அவை அலுவலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டிலோ வேறு இடத்திலோ கூடத் தெரிய வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். முந்தைய பதிப்பில் வயது வரம்பு 7, அறிகுறிகள் ஆறு. வரையறை தளர்ந்தது, முன்பு தவறவிடப்பட்ட பெண்கள் இப்போது மருத்துவரிடம் வருவது, இரண்டும் சேர்ந்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் 2023 கணக்கெடுப்பில் பெரியவர்களில் 6 சதவீதம், அதாவது சுமார் 1 கோடியே 55 லட்சம் பேர், தங்களுக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 18 வயதுக்குப் பிறகுதான் கண்டறியப்பட்டது.

நீங்கள் எடுத்தது அநேகமாக ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற, பெரியவர்கள் தாங்களே நிரப்பும் ஏ.டி.ஹெச்.டி. வினாத்தாளாக இருக்கும். அதன் முதல் ஆறு கேள்விகளில் நான்கில் மதிப்பெண் கூடினால், மேற்கொண்டு பரிசோதனை தேவை என்று மட்டுமே பொருள். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் இரண்டு வருடம் ஓட்டிய யாருக்கும் அந்த மதிப்பெண் எளிதில் வந்துவிடும்.

பள்ளியில் நன்றாகப் படித்ததால் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. துறுதுறுப்பு இல்லாமல் கவனம் மட்டும் நழுவும் பெண் பிள்ளைகள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைத்தே முதல் ராங்க் வாங்கிவிடுவார்கள். அதனால் அம்மாவிடம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். வீட்டுப்பாடத்தை யார் நினைவூட்டினார்கள், டிபன் பாக்ஸும் குடையும் மாதத்துக்கு எத்தனை தொலைந்தன, ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தீர்களா என்று கேளுங்கள். பழைய ராங்க் கார்டுகள் இருந்தால் ஆசிரியர் எழுதிய குறிப்பைப் பாருங்கள். நாலு மணி நேரம் சீரியல் பார்க்க முடிகிறதே என்பதும் எதையும் காட்டாது. பிடித்த விஷயத்தில் மூழ்குவது இந்த நோய் உள்ளவர்களாலும் முடியும்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று வேலைகள் செய்யுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிடின் (இரும்புச் சத்து இருப்பு), பி12, டி.எஸ்.ஹெச். (தைராய்டு) பாருங்கள், இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு குறைவும் இதே மந்தத்தைத் தரும். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். உண்டென்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம் இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, மூன்று வாரம் ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். குழந்தை இரவில் எழுந்தால் கணவருடன் முறை வைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் போனைக் கவிழ்த்து வைப்பதால் பயனில்லை; பைக்குள் போட்டு அடுத்த அறையில் வையுங்கள். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: போன் அங்கே இருக்கும், கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கும். அதையும் மூடுங்கள். 25 நிமிடம் ஒரே ஃபைல், ஐந்து நிமிடம் எழுந்து நடை. நடுவில் ‘பால் வாங்கணும்’ என்று ஏதாவது தோன்றினால் பக்கத்திலுள்ள தாளில் எழுதிவிட்டு வேலையைத் தொடருங்கள். 20ஆம் தேதி ரிட்டர்னை 12ஆம் தேதியே பாதி முடிப்பதாக வைத்து, மிச்சத்தைத் தேதி போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனம் பெரும்பாலும் திரும்பிவிட்டால், சிறுவயதில் எதுவும் இருந்ததில்லை என்றால், உங்களுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்க வாய்ப்பு குறைவு. நல்ல தூக்கத்துக்குப் பிறகும், போன் கையில் இல்லாதபோதும் மனம் நழுவுகிறது, அம்மாவும் ‘சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்’ என்கிறார் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே வழிகேட்கலாம். பத்து நிமிடத்தில் பெயர் சூட்டி மாத்திரை எழுதும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான மதிப்பீட்டில் சிறுவயது வரலாறு விரிவாகக் கேட்பார்கள், முடிந்தால் அம்மாவிடமோ கணவரிடமோ பேசுவார்கள், ரத்த அழுத்தமும் நாடியும் பார்ப்பார்கள்.

நோய் உறுதியானால் மெத்தில்ஃபெனிடேட்டைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். மாற்றாக அடோமாக்ஸெடின் உண்டு. வழக்கமாகப் பெரியவர்களுக்கு 40 மி.கி.யில் தொடங்கி 80-க்குப் போவார்கள். அதன் பலன் முழுதாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெடின் அல்லது பராக்ஸெடின் எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவை உடலில் அடோமாக்ஸெடின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.