காயம்பட்ட வீரருக்கு ஏன் இன்னும் முழுச் சம்பளம்?

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேஸ்பால் பேச்சு எடுத்தாலே சண்டைதான். நாங்கள் எல்லோரும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ரசிகர்கள். ஒரு வீரர் மாதக்கணக்கில் மைதானத்துக்கே வராமல் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார், அவரைத் தூக்கிவிட்டு அந்தப் பணத்தில் வேறு ஆளை எடுக்க வேண்டியதுதானே என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?"

தூக்கலாம், தடை இல்லை. ஆனால் பணம் மிச்சமாகாது. மேஜர் லீக் பேஸ்பாலில் பல வருட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதம் உள்ளவை. ஆடும்போது காயம்பட்டால் அணி முழுச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும். விடுவித்தாலும் பாக்கி முழுக்க அதே அணியின் தலையில்தான். இன்னொரு அணி அவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால் அந்தச் சின்னத் தொகை மட்டும்தான் கழியும்.

இதற்கு உதாரணம் உங்கள் ரேஞ்சர்ஸிலேயே இருக்கிறது. பிரின்ஸ் ஃபீல்டர், 2012-இல் டெட்ராய்ட் அணியுடன் 9 வருடத்துக்கு 21.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர், 2013 கடைசியில் டெக்சாஸுக்கு மாற்றப்பட்டார். கழுத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. இனி ஆடக் கூடாது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு 2016 ஆகஸ்டில் கழுத்தில் பட்டையோடு, பக்கத்தில் இரண்டு மகன்கள் நிற்க, பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதுகொண்டே பேசினார். அப்போது அவருக்கு 32 வயது. ஓய்வு என்று எழுதிக் கொடுத்திருந்தால் மீதிப் பணத்தை இழந்திருப்பார், அதனால் கொடுக்கவில்லை. ரேஞ்சர்ஸ் 2017-இல் அவரை முறைப்படி விடுவித்தது, ஆனாலும் சம்பளம் 2020 வரை போனது. இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கழுத்து தேய்ந்தது வேறெங்கும் இல்லை, ஆடின ஆட்டத்தில்தான்.

அப்புறம் இன்சூரன்ஸ். ஃபீல்டர் விஷயத்தில் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. நியூயார்க் மெட்ஸின் டேவிட் ரைட்டுக்கு முதுகெலும்புப் பிரச்சினை வந்தபோது முக்கால் பங்கு காப்பீட்டிலிருந்து திரும்பி வந்தது, ஆனால் அவர் 60 நாள் ஆடாமல் இருந்த பிறகுதான் அது ஆரம்பிக்கும். எல்லா ஒப்பந்தத்துக்கும் இப்படிக் கிடைக்காது. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரின் (லீகின் வருடாந்திர இறுதிப் போட்டி) சிறந்த வீரர். அந்த டிசம்பரிலேயே வாஷிங்டன் அணி அவருக்கு 7 வருடத்துக்கு 24.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் ஆடியது வெறும் 8 ஆட்டம். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே நரம்பு நசுங்கும் நோய், ஒரு விலா எலும்பையே எடுத்தார்கள், கொஞ்ச நேரம் நின்றாலே கை மரத்துப்போகும் நிலை. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்பீடு இல்லை.

உங்கள் நண்பர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது, லக்சரி டாக்ஸ்: மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய வரி. வீரர் ஆடினாலும் படுத்தாலும் அவருடைய ஒப்பந்தத்தின் வருட சராசரி அந்தக் கணக்கில் அப்படியே நிற்கும். காப்பீட்டுப் பணம் முதலாளி பைக்குத்தான் போகும், வரிக் கணக்கைக் குறைக்காது. 2025-இல் வரம்பு 24.1 கோடி டாலர், அதை ஒட்டி நிற்கும் அணிக்கு "அந்தப் பணத்தில் வேறு ஆள்" என்பது நினைப்பது போல எளிதில்லை. ஆள் எடுக்கும் விஷயத்தில் அணிக்குக் கிடைக்கும் ஒரே நிம்மதி இடம்தான்: நீண்ட காயத்துக்கான 60 நாள் காயப் பட்டியலில் போட்டால், அணி வைத்திருக்கக்கூடிய 40 பேர் பட்டியலில் ஒரு இடம் காலியாகும்.

சரி, எப்போதுமே வெட்ட முடியாதா? முடியும், காயம் எங்கே எப்படி ஏற்பட்டது என்பதைப் பொறுத்து. 2004 ஜனவரியில் யாங்கீஸின் ஆரன் பூன் பொழுதுபோக்காக பாஸ்கெட்பால் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார், ஒப்பந்தம் அதைத் தடுத்திருந்தது. நடந்ததை அவரே நேர்மையாக அணியிடம் சொன்னார், 57.5 லட்சம் டாலர் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மெட்ஸின் யோயெனிஸ் செஸ்பெடஸ் தன் பண்ணையில் காட்டுப்பன்றியால் கணுக்காலை உடைத்துக்கொண்ட பிறகு, அவருடைய 2020 சம்பளம் 2.95 கோடியிலிருந்து 60 லட்சம் அடிப்படைத் தொகைக்கு இறங்கியது.

என் கருத்து, காயம்பட்ட பிறகு வீரரைத் திட்டுவதைவிடக் கையெழுத்துப் போட்ட நாளைப் பற்றிச் சண்டை போடுங்கள். 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரியா என்ற வீரருக்கு சான் பிரான்சிஸ்கோ அணி 35 கோடி டாலர் பேசியது, மருத்துவப் பரிசோதனையில் பழைய கால் அறுவை சிகிச்சையைப் பார்த்துப் பின்வாங்கியது. மெட்ஸ் 31.5 கோடிக்கு வந்தது, அதே கால், அதே தயக்கம். கடைசியில் மின்னசோட்டா 6 வருடத்துக்கு 20 கோடி கொடுத்தது. பாஸ்டன் இன்னும் சாமர்த்தியமாக, 2009-இல் பிட்சர் ஜான் லாக்கியின் ஒப்பந்தத்திலேயே முழங்கைக் காயத்தால் நீண்ட காலம் ஆட முடியாமல் போனால் ஒரு வருடம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆட வேண்டும் என்று எழுதி வைத்தது. அவருக்கு முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது, அதற்குள் செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டிருந்தவர், 2015-இல் அங்கே அந்த அடிப்படைச் சம்பளத்துக்கே ஆடினார்.

சாப்பாட்டு மேசையில் பேர் அடிபடுவது அனேகமாக ரேஞ்சர்ஸ் பிட்சர் ஜேக்கப் டிகிராமாகத்தான் இருக்கும். 5 வருடம், 18.5 கோடி; 2023-இல் 6 ஆட்டத்தோடு முழங்கை போய் அறுவை சிகிச்சை, அவர் இல்லாமலேயே ரேஞ்சர்ஸ் அந்த வருடம் முதல் தடவையாக உலகத் தொடரை வென்றது. 2024 செப்டம்பரில்தான் திரும்பினார். 2025-இல் 30 ஆட்டங்களில் முதல் பிட்சராகப் பந்து வீசினார், 37 வயதில். முதல் வருடமே அவரைத் தூக்கியிருந்தால் அந்த 30 ஆட்டமும் வேறு அணிக்குப் போயிருக்கும், செக் மட்டும் டெக்சாஸிலிருந்து போய்க்கொண்டிருக்கும் என்று சொல்லிப் பாருங்கள்.