ஆர்மோனியத்தின் 1975 ஆல்பத்தில் டிரம்ஸ் எங்கே?

ஆர்மோனியம் குழுவின் ஆல்பத்தில் டிரம்ஸே கேட்கவில்லை, கோப்பு பழுதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோப்பு பழுதில்லை. 1975இல் வந்த அந்த ‘சேங்கியெம் சேசோன்’ (‘ஐந்தாவது பருவம்’) ஆல்பத்தில் டிரம் செட்டே கிடையாது. யெஸ், ஜெனஸிஸ் போன்ற ஆங்கில ராக் குழுக்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ விடுபட்டதுபோலத் தோன்றியிருக்கும், அவ்வளவுதான். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கின் இந்தக் குழு நாட்டுப்புறப் பாடல் பக்கமிருந்து ப்ராக் ராக்குக்கு (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) வந்தது. தாளத்தை கிட்டாரும் பேஸுமே தாங்குகின்றன.

சந்தேகம் தீர ‘டிக்ஸி’ பாட்டைப் போடுங்கள். கிளாரினெட்டும் பியானோவும் துள்ளலாக, தெளிவாகக் கேட்டால் எல்லாம் சரி. அப்புறம் கடைசிப் பாட்டு. நாலு பருவங்களுக்கு நாலு பாட்டு முடிந்து, இல்லாத ஐந்தாவது பருவத்துக்காக வரும் 17 நிமிட இசை. குழுவின் கீபோர்டு கலைஞர் செர்ஜ் லோகாவின் மெலோட்ரான் (பதிவுசெய்த நாடா ஒலிகளை இசைக்கும் கீபோர்டு) மெல்ல எழும்ப, மேலே புல்லாங்குழல், நடுவே சொற்களே இல்லாத ஒரு பெண் குரல். தயவுசெய்து அதை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். கியூபெக் ப்ராக்கில் எனக்கு அதைவிடப் பிடித்தது எதுவுமில்லை.

டிரம்ஸ் உள்ள கியூபெக் குழுக்கள் வேண்டுமென்றால்:

1. ஸ்லோஷ், ‘ஸ்டாடகோனே’ (1976). ஜாஸ் கலந்த, முறுக்கேறிய வாசிப்பு.
2. போலென், அதே பெயரிலான ஆல்பம் (1976). ஜெனஸிஸ் ரசிகருக்கு நேராகப் பிடிக்கும்.
3. மனேஜ், முதல் ஆல்பம் (1975). சைலோஃபோன் வகை வாத்தியங்கள் நிறைய. யாரும் பாடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆர்மோனியத்தின் ‘லெப்டாட்’ (1976) இரட்டை ஆல்பத்தில் டிரம்ஸ் உண்டு, ஆர்கெஸ்ட்ராவும் உண்டு. ஆனால் வாங்கும்போது பாருங்கள்: 2016இல் வந்த ‘எக்ஸ்எல்’ பதிப்பு புதிதாக மிக்ஸ் செய்தது, பழைய எல்பி இசைத்தட்டின் ஒலி அதில் இருக்காது.