மவுண்டை மாற்றும் முன் அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள்

தொலைநோக்கி வழியே எடுத்த 20 விநாடி எக்ஸ்போஷரில் நடு நட்சத்திரம் புள்ளியாக இருக்கிறது, ஓரத்தில் உள்ளவை வில்லாக வளைகின்றன, அதனால் மவுண்டையே (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) மாற்றப்போகிறேன் என்கிறீர்கள். அப்படியென்றால் மோட்டாரில் குறையில்லை. உங்களுடைய ஆல்ட்-அஸ் மவுண்ட் (மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்புவது) பொருளைப் பின்தொடரும். கேமராவை வானத்தோடு சுழற்றாது. காட்சி 0.1 டிகிரி சுழன்றாலே, நடுவிலிருந்து 1000 பிக்சல் தள்ளியுள்ள நட்சத்திரம் சுமார் 1.7 பிக்சல் நகர்ந்துவிடும். (எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால்தான் கியர் மேல் சந்தேகப்பட வேண்டும்.)

வானத்தின் உச்சிக்கு அருகே இந்தச் சுழற்சி மிக வேகம்; நேர் கிழக்கிலும் மேற்கிலும் கிட்டத்தட்ட இல்லை. செலவு செய்யும் முன் 20ஐ 8 விநாடியாக்கி, கேமராவின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றி, ஷார்ப்கேப் மென்பொருளில் லைவ் ஸ்டாக்கிங் (படங்களை எடுக்க எடுக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது) போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிரேமையும் அதுவே திருப்பிப் பொருத்திவிடும். மூலைகள் கொஞ்சம் வீணாகும், வெட்டிவிடலாம்.

ஒரே பிரேமில் 30 விநாடிக்கு மேல் வேண்டுமென்றால்தான் ஈக்வடோரியல் மவுண்ட் (ஓர் அச்சு வானத் துருவத்தை நோக்கியிருக்கும், வானத்தோடு சேர்ந்து சுழலும்). தொலைநோக்கிக் குழாய், கேமரா, ஃபைண்டர் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) எல்லாம் சேர்த்து, மவுண்டுக்குச் சொல்லப்பட்ட எடைத்திறனில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர் எடை பொதுவாக இந்தக் கணக்கில் வராது. பேலன்ஸ் செய்யும்போது கிழக்குப் பக்கத்தை ஒரு துளி கனமாக விடுங்கள், கியர் பற்கள் ஒரே பக்கம் ஒட்டியபடி ஓடும். துருவச் சீரமைப்பில் (அந்த அச்சைச் சரியாகத் துருவத்துக்கு நேராக வைப்பதில்) அலட்சியம் காட்டினால் இதே சுழற்சி மெதுவாகத் திரும்பி வரும்.

கோட்டு (GoTo, தேர்ந்தெடுத்த பொருளை நோக்கி மவுண்ட் தானே திரும்புவது) பாதியில் நின்றுவிடுகிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அது பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. மோட்டார் வேகமாகத் திரும்பும்போது மின் கேபிளின் மவுண்ட் பக்க முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் முதலில் அந்த மெல்லிய, நீளமான கேபிளை மாற்றுங்கள்.