ஐந்து அல்பாக்காக்களை (ரோமத்துக்காக வளர்க்கப்படும், ஒட்டகக் குடும்பத்து விலங்குகள்) பராமரிக்க நாளுக்கு மூன்று மணி நேரம் ஆவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரமா?

அவ்வளவு தேவையில்லை, உலர்புல் வைப்பது, தண்ணீர் மாற்றுவது, புழுக்கை அள்ளுவது எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நிலம் முழுவதும் அலைந்து புழுக்கை பொறுக்குவதாகவும், அவை கழிக்கும் இடங்களைக் கழுவிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அல்பாக்காக்கள் மந்தையாக ஓரிரு பொது இடங்களில் கழிக்கும் இயல்புடையவை என்பதால், நீங்கள் அந்த இடங்களை வாசனையே இல்லாதபடி கழுவிவிடுவதுதான் அவை சிதறக் காரணமாக இருக்கலாம். ஒரு வாரம் நிலத்தின் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் சிறிதளவு புழுக்கையை விட்டுவைத்துப் பாருங்கள்.

ஆனால் மிச்சமாகும் நேரத்தில் பார்வையிடுவதைக் குறைத்துவிடாதீர்கள். அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். நோயையும் இவை எளிதில் காட்டாது. ஆகவே முதுகெலும்பை அவ்வப்போது கையால் தடவிப் பார்ப்பதும், கழிக்குமிடத்தில் முக்கிக்கொண்டே நிற்கும் விலங்கை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். நகம் வெட்டுவதும், ஆண்டுக்கொரு முறை ரோமம் கத்தரிப்பதும் இந்த ஒரு மணி நேரக் கணக்கில் சேராதவை.