அமெரிக்க மாஃபியா: எந்தக் குடும்பம், எந்த ஊர்? கேள்வி பதில்

வணக்கம். அமெரிக்காவின் இத்தாலியக் குற்றக் குடும்பங்களில் யார் எந்த ஊர்க்காரர், யாருக்கு உள்ளே இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதைத்தான் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். குடும்பம் என்று நான் சொல்வது அமைப்பை, ரத்த உறவை அல்ல. ஒரு வேண்டுகோள்: ஒருவர் பிறந்த ஊர் வேறு, அவருடைய பெற்றோரின் ஊர் வேறு, வளர்ந்த தெரு வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டால் இந்த விஷயத்தில் எதுவும் பிடிபடாது.

கேள்வி: நியூயார்க்கின் ஐந்து குடும்பங்களும் சிசிலிக்காரர்கள் தொடங்கியவைதானா?

ஆமாம், ஐந்துக்கும் வேர் சிசிலிதான். ஆனால் அது மேற்குச் சிசிலி: பலெர்மோ, த்ராபானி, அக்ரிஜென்டோ, கால்தனிசெத்தா மாகாணங்கள். கிழக்கே கத்தானியா, மெசீனா பக்கத்து ஆட்களை இந்த வரலாற்றில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம். மாஃபியா வளர்ந்ததே மேற்கில்தான். பலெர்மோவைச் சுற்றியிருந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குக் காவல், உள்நாட்டுப் பெரும் பண்ணைகளின் குத்தகை, கந்தகச் சுரங்கங்கள் என்று பணம் புழங்கி அரசாங்கம் எட்டாத இடங்களில் 19ஆம் நூற்றாண்டில் அது வேர்விட்டது.

இனி ஊர் ஊராகப் பாருங்கள். இன்று ஜெனோவேஸ் பெயரில் இருக்கும் குடும்பத்தின் தொடக்கம் கொர்லியோனே ஊரின் ஜியூசெப்பே மொரெல்லோ. லுக்கேசே குடும்பத்தின் முதல் இரண்டு தலைவர்களான கயத்தானோ ரெய்னா, டாமி கலியானோ இருவரும் அதே கொர்லியோனே. அடுத்து வந்த டாமி லுக்கேசே பலெர்மோ. காம்பினோ குடும்பம் பலெர்மோ நகரத்தாரின் கை. கொலம்போ குடும்பத்தைத் தொடங்கிய ஜோ ப்ரொஃபாசி பலெர்மோவை ஒட்டிய வில்லாபாட்டே. பொனானோ குடும்பம் த்ராபானி மாகாணத்துக் கடலோர ஊரான காஸ்டெல்லமாரே டெல் கோல்ஃபோ. 1930-31இல் நியூயார்க்கில் ஜோ மஸ்ஸேரியா, சால்வத்தோரே மரன்சானோ என்ற இரு தலைவர்களின் அணிகளுக்கு இடையே நடந்த சண்டைக்கு காஸ்டெல்லமாரேப் போர் என்று பெயர் வந்ததே இந்த ஊரால்தான்.

வேர் இப்படி இருந்தாலும் தலைமை அப்படியே நிற்கவில்லை. மொரெல்லோ தொடங்கிய குடும்பத்தைப் பின்னாளில் நடத்திய ஃபிராங்க் காஸ்டெல்லோ, இத்தாலியப் பெருநிலத்தின் தென்முனையான கலாப்ரியாவைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் வந்து குடும்பத்துக்கே பெயர் கொடுத்த வீட்டோ ஜெனோவேஸ், நேப்பிள்ஸ் அருகே தூஃபினோவைச் சேர்ந்தவர். பலெர்மோக்காரர்களின் குடும்பத்தை 1951 முதல் 1957 வரை நடத்திய ஆல்பர்ட் அனஸ்தேசியாவும் கலாப்ரியாதான்.

கேள்வி: ஏன் இப்படி ஊர் ஊராகச் சேர்ந்தார்கள்? எல்லோரும் இத்தாலியர்தானே?

1861 வரை இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது. 1880க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்கா வந்த சுமார் 40 லட்சம் பேரில் பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள். தாங்கள் இன்ன ஊர் என்ற எண்ணத்தோடுதான் அவர்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். மன்ஹாட்டனில் மல்பெரி தெரு நேப்பிள்ஸ்காரர்களுடையது, எலிசபெத் தெரு சிசிலிக்காரர்களுடையது. ஒருவர் பேச்சு அடுத்தவருக்குச் சரியாகப் புரியாது.

குற்றத் தொழிலில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சொந்த ஊர்க்காரன் என்றால் அவன் அப்பா யார், மாமன் யார் என்று தெரியும். காட்டிக்கொடுத்தால் ஊரில் இருக்கும் உறவினர்கள் மாட்டுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போகும் உறுப்பினர், பழைய இடத்துத் தலைவரின் சம்மதக் கடிதத்தோடு போவது வழக்கமாக இருந்தது.

கேள்வி: அல் கபோன் சிசிலிக்காரர்தானே?

இல்லை. கபோன் 1899இல் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் நேப்பிள்ஸைச் சுற்றிய கம்பானியாவின் சலேர்னோ மாகாணத்து ஆங்ரி ஊர்க்காரர்கள். நேப்பிள்ஸ் பக்கத்தில் காஸ்டெல்லமாரே டி ஸ்தாபியா என்று இன்னொரு ஊர் இருக்கிறது. சிலர் கபோன் குடும்பத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், வேறு சிலர் அதைச் சிசிலியின் காஸ்டெல்லமாரேயோடு குழப்பினார்கள். நான் முதலில் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான்.

சிகாகோ அமைப்பே நியூயார்க்கிலிருந்து வேறுபட்டது. அதற்கு அடித்தளம் போட்ட ஜிம் கொலோசிமோ கலாப்ரியா; அவருக்குப் பின் வந்த ஜானி டோரியோ பசிலிகாட்டா; பிறகு கபோன். மூவரின் வேரும் பெருநில இத்தாலி, சிசிலித் தீவு இல்லை. சிகாகோவில் சிசிலியர் குழு தனியாக இருந்தது. அதன் தலைவர் ஜோ அயெல்லோ, பலெர்மோ அருகே பகேரியாவைச் சேர்ந்தவர். சிசிலியர் சங்கமான உனியோனே சிசிலியானாவின் தலைவராகக் கபோனால் வர முடியாது என்பதால் தன் ஆளான டோனி லோம்பார்டோவை அதில் உட்கார வைத்தார். லோம்பார்டோ 1928இலும் அயெல்லோ 1930இலும் கொல்லப்பட்டார்கள்.

கணக்கு பார்த்த ஜேக் குசிக் யூதர். அரசியல்வாதிகளையும் தொழிற்சங்கங்களையும் கையாண்ட மர்ரே ஹம்ப்ரீஸின் பெற்றோர் வேல்ஸ்காரர்கள். கஸ் அலெக்ஸ் கிரேக்கர். நியூயார்க்கில் இவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும், இவ்வளவு அதிகாரம் கிடைத்திருக்காது.

கேள்வி: மெயர் லான்ஸ்கி எந்தக் குடும்பத்தில் உறுப்பினர்?

எதிலும் இல்லை. உறுப்பினராகாமல் அவர்களோடு தொழில் செய்த கூட்டாளி, அவ்வளவுதான். இன்றைய பெலாரூஸில் இருக்கும் குரோட்னோவில் பிறந்த யூதர்.

கேள்வி: அப்பா ஐரிஷ், அம்மா சிசிலி என்றால் சேர்ப்பார்களா?

மாட்டார்கள். லுக்கேசே குடும்பத்தோடு திரிந்த ஹென்றி ஹில் இதற்கு நேரடி உதாரணம். நீண்ட காலம் இரு பக்கமும் இத்தாலிய ரத்தம் கேட்டார்கள்; பிறகு தந்தை வழி போதும் என்று தளர்த்தினார்கள். ஹில்லுக்குத் தாய் வழிதான் என்பதால் அந்தத் தளர்வும் உதவியிருக்காது.

கேள்வி: சிசிலிக்காரர்களும் நேப்பிள்ஸ்காரர்களும் நியூயார்க்கில் மோதிக்கொண்டார்களாமே?

மோதினார்கள். நேப்பிள்ஸில் இருந்தது மாஃபியா அல்ல, காமோரா; தனி வரலாறு கொண்ட தனி அமைப்பு. புரூக்ளினில் நேவி தெரு, கோனி தீவு ஆகிய இடங்களில் அந்த வழிவந்த குழுக்கள் இருந்தன. ஹார்லெமில் மொரெல்லோ கூட்டம். சூதாட்டப் பணத்துக்காக மோதல் முற்றியது. 1916 செப்டம்பர் 7 அன்று, அப்போது அந்தக் கூட்டத்தை நடத்திய நிக்கோலஸ் மொரெல்லோவைச் சமாதானப் பேச்சு என்று புரூக்ளினுக்கு வரவழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடம் ரால்ஃப் டானியெல்லோ என்ற நேவி தெரு ஆள் போலீஸிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வழக்குகளில் நேப்பிள்ஸ் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், குழுக்கள் சிதறின. மிஞ்சிய ஆட்கள் பிழைப்புக்காகச் சிசிலியர் பக்கம் போனார்கள். கலப்பு பெரிய அளவில் தொடங்கியது இங்கேதான்.

கேள்வி: இல்லை சார். சிசிலியருக்கு மட்டும் என்ற விதியை 1931இல் உடைத்தவர் லக்கி லூசியானோ. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோருக்கும் தெரிந்தது உண்மையாகிவிடாது. மொரெல்லோ தொடங்கிய குடும்பத்துக்கு லூசியானோ தலைவரானது 1931இல். சிசிலியர் அல்லாத காஸ்டெல்லோவும் ஜெனோவேஸும் அதற்கு முன்பே, ஜோ மஸ்ஸேரியா தலைவராக இருந்த காலத்திலேயே, அந்தக் குடும்பத்தில் இருந்தார்கள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

கேள்வி: மஸ்ஸேரியா தாராளமானவர், சரி. எதிரணித் தலைவர் மரன்சானோ பழைய பிடிவாதக்காரர் ஆயிற்றே? அவரைக் கொன்ற பிறகுதானே மாற்றம் வந்தது?

இந்த மரன்சானோவைப் பற்றித்தான் பேச வேண்டும். சால்வத்தோரே மரன்சானோ, காஸ்டெல்லமாரே டெல் கோல்ஃபோ. போரின் நடுவில், 1930இல், அவர் தன் அணியில் உறுதிமொழி கொடுத்துச் சேர்த்தவர்களில் ஒருவர் ஜோ வலாச்சி. 1963இல் அமெரிக்க செனட் குழு முன் மாஃபியாவைப் பற்றிச் சாட்சி சொன்ன அதே வலாச்சி. அவர் பெற்றோர் நேப்பிள்ஸ்காரர்கள். சிசிலியர்களை நம்பாதே என்று சிறையில் தன்னை எச்சரித்தது காமோராப் பழைய தலைவர் அலெஸ்ஸாண்ட்ரோ வொல்லெரோ என்பதையும் வலாச்சியே சொல்லியிருக்கிறார். பிடிவாதக்காரர் என்று நீங்கள் சொல்பவரே, ஆள் தேவைப்பட்டபோது ஊர் பார்க்கவில்லை.

அந்தப் போரை ஊர்ச் சண்டையாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல. மஸ்ஸேரியாவின் ஆலோசகராக இருந்து 1930 ஆகஸ்டில் செத்த ஜியூசெப்பே மொரெல்லோ கொர்லியோனே. மஸ்ஸேரியாவை ரகசியமாகக் கைவிட்டு மரன்சானோவோடு சேர்ந்த கலியானோவும் கொர்லியோனே. ஒரே ஊர், இரண்டு பக்கம். ஊர்ப்பற்று ஆட்களைச் சேர்க்க உதவியது. சண்டை வந்தபோது அவரவர் பணத்தையும் உயிரையும் பார்த்தார்கள்.

கேள்வி: அப்படியானால் மரன்சானோ கொலையான அன்று நாடு முழுக்கப் பழைய சிசிலியர்களை ஒரே இரவில் தீர்த்துக்கட்டியது?

நடக்கவில்லை. 40 பேர், 60 பேர், 90 பேர் என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அந்த நாட்களின் செய்தித்தாள்களைத் துழாவிய ஆய்வாளர்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கொலைகள் கிடைத்தன. 1931 செப்டம்பர் 10இல் மரன்சானோ கொல்லப்பட்டது உண்மை. அரசு அதிகாரிகள் போல வந்த யூதத் துப்பாக்கிக்காரர்களை அதற்கு அனுப்பியது லூசியானோ தரப்பு. மரன்சானோவின் ஆட்களுக்கு அந்த முகங்கள் தெரியாது என்பதால்தான் அவர்கள். அன்றைக்குப் பிறகும் பொனானோ, ப்ரொஃபாசி, கலியானோ, பஃபலோவின் ஸ்டெஃபனோ மகதினோ என்று சிசிலியில் பிறந்தவர்கள் பல வருடம் தலைவர்களாகவே இருந்தார்கள். லூசியானோவும் பலெர்மோ மாகாணத்து லெர்காரா ஃப்ரிட்டியில் பிறந்தவர்தான். இந்த விவாதத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: கபோன் சிசிலி மாஃபியாவின் தலைவராக எப்படி வந்தார்?

மேலே பாருங்கள். சிசிலி இல்லை.

கேள்வி: இத்தாலியர் என்றாலே இப்படித்தானோ என்று தோன்றுகிறது.

தோன்றக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்வேன். 40 லட்சம் பேரில் இந்த அமைப்புகளில் இருந்தவர்கள் மிகச் சிறிய கூட்டம். அவர்கள் முதலில் கொள்ளையடித்தது சொந்த ஊர்க்காரரின் மளிகைக் கடையை, ரொட்டிக் கடையை. நியூயார்க் போலீஸில் அவர்களைத் துரத்திய ஜோ பெத்ரோசினோ சலேர்னோ மாகாணத்துப் பதூலாவில் பிறந்தவர். 1909இல் பலெர்மோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூ ஆர்லியன்ஸில் போலீஸ் தலைவர் கொலைக்குப் பழி என்று 1891 மார்ச் 14 அன்று ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அவர்களில் நீதிமன்றம் விடுவித்தவர்களும் இருந்தார்கள். ஓர் இனத்தின் மேல் மொத்தமாகப் பழி போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 11 பேரின் சாவு சாட்சி.

கேள்வி: சின்ன நகரங்களில் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஊர்த் தொடர்பு சுத்தமாகத் தெரிவது அங்கேதான். பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் நிலக்கரிப் பகுதிக்குப் போனவர்கள் கால்தனிசெத்தா மாகாணத்து மான்டெடோரோக்காரர்கள். அது கந்தகச் சுரங்க ஊர். பூமிக்கு அடியில் வேலை செய்து பழகியவர்கள் இங்கும் சுரங்கத்துக்கே வந்தார்கள். பின்னாளில் அப்பகுதியின் தலைவரான ரஸ்ஸல் பஃபலினோ 1903இல் பிறந்ததும் மான்டெடோரோவில்தான். நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரத்துக் குடும்பம் அக்ரிஜென்டோ மாகாணத்து ரிபேராக்காரர்களால் ஆனது. டெட்ராய்ட் தலைவர் ஜோ சேரில்லி பலெர்மோ அருகே டெர்ரசினி. டாம்பாவின் மூத்த சாண்டோ த்ராஃபிகாந்தே அக்ரிஜென்டோவின் சியான்சியானா. பிலடெல்ஃபியாவின் ஏஞ்சலோ புரூனோ கால்தனிசெத்தாவின் வில்லால்பா. இந்த நகரங்களின் ஆட்களைத் தேடுபவர்கள் கப்பல் பயணிகள் பட்டியலையும் ஊர்ப் பிறப்புப் பதிவையும் பாருங்கள். குடும்பப் பெயரை வைத்து ஊரை ஊகிக்காதீர்கள்.

கேள்வி: கொர்லியோனே நிஜ ஊரா?

நிஜ ஊர். பலெர்மோவுக்குத் தெற்கே, மலைப் பகுதியில்.

கேள்வி: இப்போது நியூயார்க்கில் யார் தலைவர்?

இன்றைய வழக்குகளைப் பின்தொடர்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: கபோன் அப்பா அம்மா எந்த ஊர்?

ஆங்ரி. இந்தப் பெயருக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: கலாப்ரியாக்காரர்கள் தனியாகக் குடும்பம் வைத்ததே இல்லையா?

அமெரிக்காவில் அவர்கள் சிசிலியர் கட்டிய அமைப்புக்குள் கரைந்தார்கள். கனடாவில் கதை வேறு. டொராண்டோவிலும் ஹாமில்டனிலும் கலாப்ரியாவின் சொந்த அமைப்பான ந்ட்ராங்கெட்டாவின் கிளைகள் தனியாகவே வளர்ந்தன. மான்ட்ரியலில், பொனானோ குடும்பத்தின் கிளையை நடத்திய விக் கொட்ரோனி மம்மோலா ஊர், அவருக்கு அடுத்த பாவ்லோ வியோலி சினோபோலி ஊர், இரண்டும் கலாப்ரியா. அவர்களுக்குக் கீழே அக்ரிஜென்டோவின் கத்தோலிகா எராக்லியாவிலிருந்து வந்த நிக்கோலோ ரிசூத்தோவின் ஆட்கள். அவர்கள் வியோலிக்கு அடங்கவில்லை. 1978 ஜனவரி 22 அன்று வியோலி சுட்டுக் கொல்லப்பட்டார், மான்ட்ரியல் சிசிலியர் கைக்குப் போனது. நியூயார்க்கில் 1931க்குள் மங்கிவிட்ட ஊர்க் கோடு அங்கே அத்தனை வருடம் கழித்தும் உயிரோடு இருந்தது. புதிதாக வந்தவர்கள் தொடர்ந்து ஊரிலிருந்தே நேராக இறங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பது என் கருத்து.